கெமிஸ்ட்ரி டிகிரி 3 ஆண்டா, 4 ஆண்டா? லேப் நேரத்தைக் கணக்குப் போட்டால் கிடைக்கும் விடை!

2025 அக்டோபர். மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா பகுதியில், சளி இருமலுக்குச் சிரப் குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். பலி எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

அந்தச் சிரப் தயாரானது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன் மாதிரியை எடுத்துத் தமிழ்நாடு அரசு சோதித்தபோது, ‘டைஎத்திலீன் கிளைக்கால்’ என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. மருந்தில் அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். அதாவது, வரம்பைப் போல 486 மடங்கு.

உற்பத்தி நிறுத்தம், கைது, உரிமம் ரத்து என்று செய்திகள் வந்தன. மருந்து நிறுவனங்கள் மூலப்பொருளையும் ஒவ்வொரு பேட்சையும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாநிலங்களுக்கு மறுபடியும் நினைவூட்டியது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த நச்சைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ‘கேஸ் குரோமட்டோகிராபி’ என்ற சோதனை போதும். பிஎஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி ஆண்டு சிலபஸில் அது இருக்கிறது. பரீட்சையில் 5 மார்க், 10 மார்க் கேள்வியாகவும் வருகிறது.

அப்படியென்றால், வருஷா வருஷம் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி பட்டம் வாங்கி வெளியே வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கருவியைக் கையால் இயக்கியிருப்பார்கள்?

பட்டம் 3 ஆண்டா, 4 ஆண்டா என்று நாடு முழுக்க நடக்கும் விவாதத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஆனால் படிக்கிறவருக்கும், அவரை வேலைக்கு எடுப்பவருக்கும், அந்தச் சிரப்பைக் குடிக்கிறவருக்கும் முக்கியமானது இதுதான்.

சிரப்புக்கும் காலேஜ் சிலபஸுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம் உண்டு. மருந்து விதிகள் 1945-ன்படி, மருந்து உற்பத்தி தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். பார்மசி பட்டதாரிதான் வர வேண்டும் என்றில்லை. கெமிஸ்ட்ரியை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரியும், மருந்து உற்பத்தியில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால், அந்தப் பொறுப்புக்கு வரலாம்.

அதாவது, பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படித்தவரை நம்பி நாட்டின் மருந்தையே சட்டம் ஒப்படைக்கிறது. மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள், உணவுப் பரிசோதனைக் கூடங்கள், குடிநீர் ஆய்வகங்கள், ரத்தப் பரிசோதனை நிலையங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பவர்களில் கணிசமானவர்கள் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி பட்டதாரிகள்தான்.

சிந்த்வாரா மரணங்களுக்குக் காரணம் சிலபஸ் இல்லை. செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாததும், செய்தார்களா என்று கண்காணிக்காததும்தான். ஆனாலும் சோதனையைச் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும், முடிவு தவறாக வந்தால் ‘இந்த பேட்ச் போகக் கூடாது’ என்று சொல்லும் தெளிவும் வேண்டும். இரண்டும் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுகளில் உருவாக வேண்டியவை.

‘மேல்நிலைப் பாடங்கள்’ என்றால் என்ன?

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான புதிய பாடத்திட்ட, கிரெடிட் வரைமுறையை வெளியிட்டது. பாடங்களுக்கு எண் கொடுத்து அது படிநிலை பிரிக்கிறது.

100 முதல் 199 வரை எண் கொண்டவை அடிப்படைப் பாடங்கள். 200 வரிசை, இடைநிலை. 300 வரிசை, மேஜர் பாடத்தில் பட்டம் வாங்கக் கட்டாயம் முடிக்க வேண்டிய மேல்நிலைப் பாடங்கள். 400 வரிசை, உயர்நிலைப் பாடங்கள். ஆய்வு முறையியல், உயர்நிலை ஆய்வகச் சோதனைகள், கருத்தரங்கு, புராஜெக்ட் எல்லாம் இதில் வரும்.

மூன்று ஆண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். நான்கு ஆண்டு ஆனர்ஸுக்கு 160. இதில் மேஜர் பாடத்துக்கு மட்டும் மூன்று ஆண்டில் 60, நான்கு ஆண்டில் 80.

கெமிஸ்ட்ரியில் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் பிளஸ் டூவின் நீட்சி போலத்தான் இருக்கும். அணு அமைப்பு, பிணைப்பு, வெப்ப இயக்கவியல், கரிம வேதியியலின் அடிப்படை வினைகள். ஐந்தாம் செமஸ்டரில் இருந்துதான் ஆட்டம் மாறும். அணைவுச் சேர்மங்கள், குவாண்டம் வேதியியல், வினைவேகவியலின் நுட்பங்கள், நிறமாலையியல், கருவி வழிப் பகுப்பாய்வு எல்லாம் அங்கே தொடங்கும். பயோகெமிஸ்ட்ரியில் நொதியியல், வளர்சிதை மாற்றம், மூலக்கூறு உயிரியல், நோய் எதிர்ப்பியல், கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி.

இந்த வித்தியாசத்தை அதே சிரப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கெமிஸ்ட்ரி மாணவர் அந்த பாட்டிலில் எதைப் பார்ப்பார்?

பாராசிட்டமால் போன்ற மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் சிரப்பில் புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் இருந்தால் அது பாதுகாப்பானது. டைஎத்திலீன் கிளைக்காலோ தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பொருள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் நிறமற்றவை, பிசுபிசுப்பானவை, இனிப்பானவை. பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய முடியாது. இரண்டிலும் இருப்பது ஒரே வகை ஹைட்ராக்சில் தொகுதி என்பதால், பிளஸ் டூவில் செய்கிற மாதிரி வினைத்தொகுதிச் சோதனை போட்டாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் தரும்.

எனவே முதலில் கலவையைப் பிரிக்க வேண்டும். கேஸ் குரோமட்டோகிராபி செய்வது அதைத்தான். மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கி, ஒரு வாயுவின் துணையோடு தலைமுடி போல மெல்லிய நீளமான குழாய்க்குள் அனுப்புவார்கள். ஒவ்வொரு பொருளும் குழாயின் உட்பூச்சோடு வெவ்வேறு அளவில் ஒட்டி ஒட்டிப் போவதால், வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிகரம் தெரியும். சிகரம் வந்த நேரத்தை வைத்து ‘இது என்ன’ என்றும், அதன் பரப்பை வைத்து ‘இது எவ்வளவு’ என்றும் சொல்லிவிடலாம்.

இதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால் கருவி முன்னால் நின்றால் புத்தகத்தில் இல்லாத கேள்விகள் வரும். சிகரங்கள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? வெறும் கரைப்பானைச் செலுத்தினாலும் ஒரு சிகரம் வருகிறதே, குழாயில் பழைய மாதிரியின் மிச்சம் இருக்கிறதா? தர மாதிரியின் அளவீடு நேற்றைக்கும் இன்றைக்கும் ஏன் மாறுகிறது? இவற்றுக்கு விடை தேடிப் பழகியவர்தான் வேலைக்குத் தயாரானவர்.

பயோகெமிஸ்ட்ரி மாணவர் எதைப் பார்ப்பார்?

அவருடைய கேள்வி வேறு. உள்ளே போன நச்சு சிறுநீரகத்தை ஏன் குறிவைக்கிறது?

டைஎத்திலீன் கிளைக்கால் அப்படியே கொல்வதில்லை. நம் கல்லீரலில் இருக்கும் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை மாற்றத் தொடங்குகிறது. படிப்படியாக மாறி டைகிளைக்காலிக் அமிலம் உருவாகிறது. சிறுநீரகக் குழல்களின் செல்களை அழிப்பது முக்கியமாக இந்த அமிலம்தான்.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். அந்த நொதியை வேறு ஏதாவது பொருள் அடைத்துக்கொண்டால், நச்சு மாறாமலே உடலைவிட்டு வெளியேற நேரம் கிடைக்கும். ஃபோமெபிசோல் என்ற மருந்து இப்படித்தான் வேலை செய்கிறது. எத்திலீன் கிளைக்கால், மெத்தனால் நச்சுக்கு இது அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து. டைஎத்திலீன் கிளைக்கால் நச்சிலும் மருத்துவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பயோகெமிஸ்ட்ரி ஐந்தாம் செமஸ்டர் மாணவர் இதை ‘போட்டித் தடுப்பு’ என்ற தலைப்பில் படிக்கிறார். 1913-ல் மிக்கேலிஸும் மென்டனும் தந்த சமன்பாடு, Kஎம் என்ற மதிப்பு கூடும், உச்ச வேகம் மாறாது என்ற விதி, ஒரு வரைபடம். மனப்பாடம் செய்தால் 10 மார்க். புரிந்தால், மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு அந்த மருந்தை ஏன் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

குழந்தைகளின் சிறுநீரகம் பழுதானதை டாக்டர்களுக்குக் காட்டும் ‘கிரியேட்டினின்’ அளவும் பயோகெமிஸ்ட்ரி லேபின் வழக்கமான சோதனைதான். காரப் பிக்ரேட் கரைசலோடு சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் கிரியேட்டினின் எவ்வளவு என்று தெரியும். 1886-ல் யாஃபே கண்டறிந்த இந்த வினையைப் பல ரத்தப் பரிசோதனை நிலையங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன.

சரி, 3 ஆண்டு - 4 ஆண்டு சண்டை எங்கே நிற்கிறது?

டெல்லி பல்கலைக்கழகம் 2013-ல் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதால் 2014-ல் கைவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐத் தொடர்ந்து 2022-ல் மறுபடியும் ஆரம்பித்தது. அந்த முதல் பேட்ச் 2025-ல் நான்காம் ஆண்டுக்குள் நுழைந்தது.

கேரளா 2024 ஜூலையில் தனக்கென ஒரு நான்கு ஆண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடகா 2021-ல் தொடங்கி, ஆட்சி மாறிய பிறகு 2024-25 கல்வியாண்டில் மூன்று ஆண்டுக்கே திரும்பிவிட்டது. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழ் வரும் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்று ஆண்டு பிஎஸ்சி, இரண்டு ஆண்டு எம்எஸ்சி என்ற பழைய முறையே பொதுவாகத் தொடர்கிறது.

நான்கு ஆண்டு என்பது புதிய யோசனையும் அல்ல. பெங்களூரு ஐஐஎஸ்சி 2011-லேயே நான்கு ஆண்டு ஆராய்ச்சி சார்ந்த அறிவியல் பட்டத்தைத் தொடங்கிவிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் மாணவர்களுக்குப் பொதுப் பட்டம் 3 ஆண்டு, சிறப்புப் பட்டம் 4 ஆண்டு என்ற பிரிவு நீண்ட காலமாகவே உண்டு.

இதற்கிடையில் 2025 ஆகஸ்டில், கெமிஸ்ட்ரி உட்பட 9 பாடங்களுக்கான வரைவுப் பாடத்திட்டத்தை யுஜிசி வெளியிட்டது. கெமிஸ்ட்ரி வரைவு சரஸ்வதி வணக்கத்தோடு தொடங்கியதும், பாரம்பரிய இந்திய அறிவு முறை பற்றிய பகுதிகளும் பெரும் சர்ச்சையாகின. ஆதரவாகவும் எதிராகவும் விவாதம் தூள் பறந்தது. வரைவின் முதல் பக்கம் பேசப்பட்ட அளவுக்கு, லேப் பக்கங்கள் பேசப்படவில்லை.

லேப் நேரம்: ஒரு சின்னக் கணக்கு

யுஜிசி வரைமுறைப்படி, தியரியில் ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 15 மணி நேரம். பிராக்டிகலில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் 2 மணி நேரம், செமஸ்டருக்கு 30 மணி நேரம்.

மூன்று ஆண்டுப் பட்டத்தில் மேஜர் 60 கிரெடிட். ஒரு தாளுக்கு 4 கிரெடிட் என்று வைத்தால் 15 தாள்கள்.

ஒவ்வொரு தாளிலும் 3 தியரி, 1 பிராக்டிகல் என்று பிரித்தால்: 15 × 30 = 450 மணி நேரம்.

2 தியரி, 2 பிராக்டிகல் என்று பிரித்தால்: 15 × 60 = 900 மணி நேரம்.

பட்டத்தின் பெயர் அதேதான். மார்க் ஷீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒருவர் மற்றவரைவிட இரு மடங்கு நேரம் லேபில் நின்றிருக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: அமெரிக்க வேதியியல் சங்கம் 2015-ல் வெளியிட்ட இளநிலைப் படிப்பு வழிகாட்டி, அறிமுகப் பாடங்களின் லேப் நேரத்தைச் சேர்க்காமலே 400 மணி நேரம் ஆய்வகப் பயிற்சி வேண்டும் என்றது. நம் முதல் கணக்கில் முதல் ஆண்டுக்கு 3 தாள்கள் என்று வைத்துக் கழித்தால் மிஞ்சுவது 360 மணி நேரம். எட்டவில்லை. இரண்டாவது கணக்கில் 720. தாராளமாகத் தாண்டுகிறது.

இப்போது நான்காம் ஆண்டுக்கு வருவோம். ‘ஆராய்ச்சியுடன் ஆனர்ஸ்’ என்றால் 12 கிரெடிட் புராஜெக்ட் உண்டு. அதே பிராக்டிகல் கணக்கில் 360 மணி நேரம். மூன்று ஆண்டில் செய்ததோடு சேர்ந்தால் பெரிய பாய்ச்சல்.

ஆனால் இதற்கு முதல் 6 செமஸ்டரில் 75 சதவீதம் மதிப்பெண் வேண்டும். அது இல்லாதவர்கள் ‘ஆனர்ஸ்’ மட்டும் படிக்கலாம். புராஜெக்டுக்குப் பதில் அதே 12 கிரெடிட்டுக்கு 3 தாள்கள். அந்தத் தாள்கள் முழுக்கத் தியரியாக அமைந்துவிட்டால், ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தும் புராஜெக்ட் தரும் அந்த லேப் நேரம் கிடைக்காது.

ஆக, ‘4 ஆண்டு’ என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. எந்த 4 ஆண்டு என்று கேட்க வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் நேரம் கைக்கு வருகிறதா?

மணி நேரக் கணக்கு பாதிக் கதைதான். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பது மீதிக் கதை.

தமிழ்நாட்டில் கெமிஸ்ட்ரி படித்த யாருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. பியூரெட்டில் கரைசல் நிரப்பி, நிறம் மாறும் இடம் பார்த்து, மூன்று ரீடிங் எடுப்பது. உப்புப் பகுப்பாய்வில் எதிர்மின், நேர்மின் அயனிகளைக் கண்டுபிடிப்பது. அப்புறம் ரெக்கார்டு நோட்டு. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

இந்தச் சோதனைகள் வீண் இல்லை. கை நிதானம், சுத்தம், கவனம் எல்லாம் இவற்றில்தான் வரும். ஆனால் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரிலும் இதே வகைச் சோதனைதான் என்றால் அங்கேதான் இடிக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில் மாணவர் கற்றுக்கொள்வது, ‘சரியான’ விடைக்கு ரீடிங்கை வளைப்பது. மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டில் அதே பழக்கத்துக்குப் பெயர் தரவு மோசடி.

கருவிகளுக்கும் பணம் வேண்டும். கேஸ் குரோமட்டோகிராபி, ஹெச்பிஎல்சி போன்றவை லட்சக்கணக்கில் விலை. என்எம்ஆர் கருவி கோடிக் கணக்கில். வாங்கினால் மட்டும் போதாது. தூய கரைப்பான், கேஸ் சிலிண்டர், பராமரிப்பு ஒப்பந்தம், இயக்கத் தெரிந்த டெக்னீஷியன் வேண்டும். என்எம்ஆருக்கு அவ்வப்போது திரவ ஹீலியம் ஊற்ற வேண்டும். இதனால் பல கல்லூரிகளில் கருவி கண்ணாடி அறைக்குள் இருக்கும், மாணவர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதில் அடிபடுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, கல்லூரியில் கிடைக்காததைக் கட்டணப் பயிற்சியிலோ வெளியூர் இன்டர்ன்ஷிப்பிலோ ஈடுகட்டிவிடும். மாவட்டத் தலைநகரில், அரசுக் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் கல்லூரி லேப்தான் எல்லாம். அங்கே கை வைக்கக் கிடைக்காவிட்டால் வேறு எங்கும் கிடைக்காது. நான்காம் ஆண்டு என்பது அந்த வீட்டுக்கு இன்னொரு வருஷம் சம்பளம் வராத ஆண்டு. அதற்கு ஈடாக என்ன தரப்போகிறோம் என்று சொல்லாமல் ‘ஒரு வருஷம் கூட்டுகிறோம்’ என்றால், அது அவர்களுக்குச் சுமைதான்.

ஏஐ வந்தாச்சே, லேப் எதுக்கு?

நியாயமான கேள்வி. 2024-ன் வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காக பேக்கருக்கும், புரத அமைப்பைக் கணிக்கும் ‘ஆல்ஃபாஃபோல்டு’ ஏஐ-க்காக மற்ற இருவருக்கும். ஆல்ஃபாஃபோல்டு 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் அமைப்பைக் கணித்துக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்த ஏஐ எதைப் பார்த்துக் கற்றது? 1971-ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், உலகம் முழுக்க ஆய்வாளர்கள் லேபில் உட்கார்ந்து, படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்த அமைப்புகளைப் பார்த்து. லேப் தரவு இல்லையென்றால் ஆல்ஃபாஃபோல்டு இல்லை. கணினி சொன்னது சரிதானா என்று பார்க்கவும் லேபுக்குத்தான் போக வேண்டும்.

எனவே கடைசி ஆண்டு மாணவருக்குக் கொஞ்சம் பைத்தான், தரவுப் பகுப்பாய்வு தெரிந்திருப்பது நல்லது. பைப்பெட்டுக்குப் பதிலாக அல்ல, பைப்பெட்டோடு கூட.

யாருக்கு எது சரி?

*உடனே வேலை வேண்டும் என்றால்:* மூன்று ஆண்டுப் பட்டம் போதும். ஆனால் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் கருவிப் பயிற்சி உள்ள விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். கெமிஸ்ட்ரி என்றால் குரோமட்டோகிராபி, நிறமாலை அளவீடு. பயோகெமிஸ்ட்ரி என்றால் எலைசா, பிசிஆர், கிளினிக்கல் சோதனைகள். கோடை விடுமுறையில் மருந்து ஆலையிலோ பரிசோதனைக் கூடத்திலோ இன்டர்ன்ஷிப் போனால், இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

*ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்றால்:* நான்கு ஆண்டு இல்லாவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஐஐடிக்களில் எம்எஸ்சி, ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்டி ஆகியவற்றுக்கான ஜாம் தேர்வை மூன்று ஆண்டு பிஎஸ்சி மாணவர்கள் எழுதலாம். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் இடம் கிடைத்தால், நாட்டின் முன்னணி லேப் ஒன்றில் சுமார் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம்.

*நான்காம் ஆண்டு வாய்ப்பு இருக்கிறது என்றால்:* யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறைப்படி, நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் எம்எஸ்சி இல்லாமலே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது ஓராண்டு எம்எஸ்சியில் சேரலாம். மொத்தக் காலம் 5 ஆண்டுதான், மூன்று ஆண்டு பிஎஸ்சியும் இரண்டு ஆண்டு எம்எஸ்சியும் படித்தவருக்கு ஆகும் அதே காலம். ஆனால் நான்காம் ஆண்டின் மதிப்பு அந்த புராஜெக்டில்தான். வழிகாட்டும் பேராசிரியர், இயங்கும் லேப், வேதிப்பொருள் வாங்கப் பணம் மூன்றும் இருந்தால் தங்கலாம். ஒன்று குறைந்தாலும், நல்ல லேப் உள்ள வேறு இடத்தில் இரண்டு ஆண்டு எம்எஸ்சி சேர்வதே லாபம்.

இன்னொரு எச்சரிக்கை. பயோகெமிஸ்ட்ரி பட்டத்தைக் கெமிஸ்ட்ரிக்கு இணையாக எல்லா வேலைகளும் ஏற்பதில்லை. அரசுத் தேர்வுகள், ஆசிரியர் பணி போன்றவற்றில் எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்பதற்கு அரசாணைகள் உண்டு. எந்த வேலை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதன் அறிவிக்கையில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கல்லூரியில் சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கடைசி ஆண்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப்? டைம் டேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

2. ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? மாணவரே இயக்குவாரா, செய்து காட்டுவதோடு சரியா?

3. விடை தெரியாத மாதிரியைக் கொடுத்து, மாணவரே முறையைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் சோதனை ஒன்றாவது உண்டா?

4. போன வருஷ புராஜெக்ட் அறிக்கைகள் இரண்டைப் பார்க்கலாமா? அதில் சொந்தமாக எடுத்த தரவு இருக்கிறதா, இணையத்தில் இருந்து எடுத்த படங்கள் மட்டுமா?

5. சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவரிடம் நேரடியாகப் பேசுங்கள். ‘லேபில் என்ன செய்தீங்க?’ என்று மட்டும் கேளுங்கள்.

முன்னணிக் கல்லூரி, தரவரிசை, ஏசி வகுப்பறை எதைவிடவும் இந்த ஐந்துக்கான பதில் அதிகம் சொல்லும்.

என்ன செய்யலாம்?

எல்லாக் கல்லூரிக்கும் கோடி ரூபாய் கருவி கொடுக்க முடியாது. தேவையும் இல்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒரு பொதுக் கருவி மையம் இருந்து, சுற்றியுள்ள கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களுக்கு முறை வைத்து நேரம் ஒதுக்கினாலே நிலைமை மாறும். பல்கலைக்கழகங்களில் இருக்கும் கருவி மையங்களை இணைப்புக் கல்லூரி இளநிலை மாணவர்களுக்கும் திறந்துவிடலாம்.

செலவே இல்லாத மாற்றமும் ஒன்று உண்டு. பிராக்டிகல் தேர்வில் சரியான விடைக்கு மட்டும் மார்க் போடாமல், மாணவர் எடுத்த ரீடிங் நேர்மையானதா, பிழை எங்கே வந்தது என்று விளக்கத் தெரிகிறதா என்பதற்கு மார்க் போடுவது. இதற்கு மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ தடையில்லை. தேசியக் கொள்கையா, மாநிலக் கொள்கையா என்ற கேள்வியும் எழாது.

காஞ்சிபுரத்தில் தயாரான அந்த பேட்ச், ஆலையைவிட்டு வெளியேறும் முன் ஒருவர் கையால் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். திரையில் வரக் கூடாத இடத்தில் ஒரு பெரிய சிகரம் வந்திருக்கும். அதைப் பார்த்து, லாரியை நிறுத்தச் சொல்லும் ஆளை உருவாக்க வேண்டிய இடம் இறுதியாண்டு லேப்.